கடலோர வளப் பாதுகாப்பும் மாணாக்கர் பயிற்சியும்

(ஒரு விவசாய டிமான்ஸ்ட்ரேட்டர் எழுதியது)

கடலோரத் தாலூகாக்களில் நிலம் வைத்திருக்கும் மிராசுதார்கள் பலருக்கும் ஆண்டுதோறும் ஓர் அனுபவம் ஏற்படுவதுண்டு. விவசாயக் கலாசாலைகளிலிருந்தும், கடல் சாஸ்திரம், பூகோளம், சுற்றுச்சூழல் ஆகியவற்றைப் போதிக்கும் சர்வகலாசாலைகளிலிருந்தும் மாணாக்கர் சிலர் குறிப்புப் புத்தகத்துடன் கிராமத்திற்கு வருகிறார்கள். கிணற்றை எட்டிப் பார்க்கிறார்கள். வாய்க்கால் ஓரமாய் நடந்து போகிறார்கள். எத்தனை ஏக்கர், என்ன சாகுபடி, என்ன மகசூல் என்று விசாரிக்கிறார்கள். சில வாரங்கள் கழித்து விடைபெற்றுக்கொண்டு போய்விடுகிறார்கள். "வந்தார்கள், கேட்டார்கள், போனார்கள், இதனால் நமக்கு என்ன பிரயோசனம்?" என்று மிராசுதார்கள் கேட்கிறார்கள். இக்கேள்வி நியாயமானதே. இதற்கு விடை கூறுவதே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

சுருங்கச் சொன்னால் விடை இதுதான். கடலோர நிலத்தின் உயிர் அதன் அடியிலுள்ள நன்னீரில் இருக்கிறது. அந்நன்னீர் கெடுவது கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் காரியம். அளந்து எழுதி வைத்தால் மாத்திரமே அதை முன்கூட்டி அறியலாம். அளப்பதற்கு மாணாக்கரிடம் கருவியும் பயிற்சியும் உண்டு. எதை, எங்கே, எப்போது அளக்கவேண்டும் என்ற அனுபவம் விவசாயியிடம் உண்டு. இரண்டும் சேர்ந்தால் கிராமத்திற்கு நன்மை. சேராவிட்டால் பயிற்சி வெறும் சடங்காய் முடியும்.

இப்பயிற்சி யாது?

விவசாயப் பட்டப்படிப்பின் இறுதி ஆண்டு மாணாக்கர் கிராமத்தில் தங்கி விவசாயிகளோடு பழகிப் பணி கற்கவேண்டும் என்பது பாடத்திட்டத்தின் ஒரு பகுதி. இதைக் கிராமத் தங்கல் என்று வழங்குகிறோம். இது தவிர, கடல்வாழ் உயிர்களையும் கரையோர வளங்களையும் பற்றிப் படிக்கும் மாணாக்கரும் களப்பயிற்சிக்கு வருகிறார்கள். கடலூர் ஜில்லா பரங்கிப்பேட்டையில் அண்ணாமலை சர்வகலாசாலையைச் சேர்ந்த கடல் உயிரியல் ஆராய்ச்சி நிலையம் நெடுங்காலமாய் இத்துறையில் போதித்து வருகிறது. சென்னையில் கரையோரப் பராமரிப்புக்கென்றே மத்திய சர்க்காரின் தேசிய மையம் ஒன்று 2011-ல் ஏற்பட்டது. ஆகையால் வருங்காலத்தில் இத்தகைய மாணாக்கர் இன்னும் அதிகமாகவே நமது கிராமங்களுக்கு வருவார்கள் என்று எதிர்பார்க்கலாம்.

மாணாக்கரின் உழைப்பை அற்பமாக எண்ணலாகாது. சென்னைக் கடற்கரையில் கடலாமை முட்டையிடும் பருவத்தில் இரவு தோறும் மணலில் நடந்து, முட்டைகளைக் காத்து, குஞ்சுகளைக் கடலில் விடும் வேலையை ஒரு மாணாக்கர் சங்கம் 1988 முதல் செய்து வருகிறது. ஒரு கோஷ்டி படிப்பை முடித்துச் சென்றால் அடுத்த கோஷ்டி அதே வேலையை எடுத்துக்கொள்கிறது. அச்சங்கத்தின் பலம் இத்தொடர்ச்சியில்தான் இருக்கிறது.

நன்னீர் உப்புநீரின்மேல் மிதக்கும் விதம்

கடலை அடுத்த மணற்பாங்கான நிலத்தில் சில அடி தோண்டினாலே நன்னீர் ஊறுவதை யாவரும் கண்டிருக்கிறோம். கடல்நீரே மணலில் வடிகட்டப்பட்டு நன்னீராகிறது என்று சிலர் எண்ணுகிறார்கள். அது பிழை. மணல் தூசியை வடிகட்டுமேயன்றி, நீரில் கரைந்த உப்பை வடிகட்டாது. அந்த நன்னீர் முழுவதும் மழையால் வந்தது. மணலில் இறங்கிய மழைநீர், கீழே பரவியுள்ள உப்புநீரைவிடக் கனம் குறைந்ததாகையால், பாலின்மேல் ஆடை நிற்பதுபோல் அதன்மேல் நிற்கிறது.

கடல்நீரின் கனத்தைக் கணக்கிட்டால் இதன் சூக்ஷ்மம் விளங்கும். 40 படி நன்னீரின் எடையும் 39 படி கடல்நீரின் எடையும் ஏறக்குறையச் சமம். இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது: நிலத்தடி நன்னீரின் மட்டம் கடல் மட்டத்திற்கு மேல் 1 அடி உயரமாக இருந்தால், கடல் மட்டத்திற்குக் கீழே சுமார் 40 அடி ஆழம் வரை நன்னீர் நிற்கும். மேலும் கீழுமாகச் சேர்ந்த 41 அடி நன்னீரின் பாரம், பக்கத்திலுள்ள 40 அடி கடல்நீரின் பாரத்தைத் தாங்கி நிறுத்துகிறது. 1880-களின் இறுதியில் டச்சு எஞ்சினீயர் கைபன் என்பவரும், 1901-ல் ஜெர்மன் எஞ்சினீயர் ஹெர்ஸ்பெர்க் என்பவரும் தனித்தனியே இவ்விதியை எடுத்துரைத்தனர்.

இவ்விதி ஆறுதலும் தரும், அச்சமும் தரும். மழையால் மட்டம் 1 அடி உயர்ந்தால் காலப்போக்கில் 40 அடி நன்னீர் சேரும். அவ்விதமே, மிதமிஞ்சி இறைத்து மட்டத்தை 1 அடி தாழ்த்தினால் கீழிருந்து உப்புநீர் 40 அடி மேலேறக் கூடும். ஒரே நாளில் இது நடப்பதில்லை. மெல்ல மெல்ல நடக்கிறது. அதனால்தான் நாம் ஏமாந்து போகிறோம். மேலும், ஒரே இடத்தில் ஆழமாகத் துளையிட்டு மோட்டார் வைத்து இறைக்கும்போது, அந்தத் துளையின் அடியில் உப்புநீர் கூம்புபோல் எழும்பி வருகிறது. சுற்றுப்புறக் கிணறுகள் நன்னீராக இருக்க, அந்த ஒரு கிணறு மாத்திரம் உப்பாவதற்குக் காரணம் இதுவே.

கெடுதல் உண்டாக்க மிகுந்த கடல்நீர் தேவையில்லை. கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு உள்ளது. 98 குடம் நன்னீரில் 2 குடம் கடல்நீரைக் கலந்தால், லிட்டருக்கு 0.7 கிராம் உப்பு சேர்ந்துவிடும். அவரையும் வெங்காயமும் மிளகாயும் வருத்தப்பட அது போதுமானது. 5 குடம் கலந்தால் அக்கிணற்று நீரை நம்பிக் காய்கறி சாகுபடி செய்வது கஷ்டம்.

எனது அனுபவம்

இதில் என் குற்றம் ஒன்றை மறைக்காமல் கூறுவது கடமையென்று கருதுகிறேன். நாகப்பட்டினம் ஜில்லாவின் கடலோரக் கிராமம் ஒன்றில் நான் பணி பார்த்த காலத்தில், மணற்கொல்லையில் மிளகாயும் கத்தரியும் பயிரிட்டு வந்த மிராசுதார் ஒருவர் இருந்தார். அவர் தகப்பனார் காலத்திலிருந்து ஆழமில்லாத ஊற்றுக்குட்டைகளே பாசனத்திற்கு ஆதாரம். கோடையில் நீர் போதவில்லை என்று அவர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். "குட்டையை நம்பியிராமல் ஆழமாகத் துளையிட்டு மோட்டார் வையுங்கள், நீர் தாராளமாகக் கிடைக்கும்" என்று நான் யோசனை கூறினேன். உள்நாட்டுத் தாலூகாக்களில் நல்ல பலன் தந்த யோசனையைக் கடலோரத்திலும் அப்படியே சொல்லிவிட்டேன்.

முதல் வருஷம் நீர் தாராளமாகத்தான் வந்தது. மூன்றாம் வருஷக் கோடையில் மிளகாய் இலைகளின் நுனி தீய்ந்தது. பூச்சி என்று மருந்து தெளித்தோம். சத்துக் குறைவு என்று உரமும் இட்டோம். நீரை வாயில் ஊற்றிப் பார்த்தபோது சற்றே கரித்தது. நாக்கு உணருவதற்கு முன்பே செடியின் வேர் அதை உணர்ந்திருந்தது.

அடுத்த ஆண்டு சில மாணாக்கர் பயிற்சிக்கு வந்தார்கள். "ஒரு மாதத்தில் கடலைப் படித்துவிடுவீர்களோ, தம்பி?" என்று அந்த மிராசுதார் பரிகாசமாய்க் கேட்டார். "கடலைப் படிக்க முடியாது ஐயா, கிணற்றைப் படிக்கலாம் என்று வந்திருக்கிறோம்" என்றான் அவர்களில் ஒருவன். அவர்கள் கிராமத்துக் கிணறுகளையும் குட்டைகளையும் ஒவ்வொன்றாக அளந்து, கணக்குப் புத்தகத்தில் ஆழம், நீர்மட்டம், உப்பின் அளவு என்று பத்தி பிரித்து எழுதினார்கள். மிராசுதாரின் கொல்லைக்கு வந்தபோது, அவர்களில் ஒரு பெண், "ஐயா, இதை ஆழப்படுத்தியது எந்த வருஷம்?" என்று கேட்டாள். அதுவரை எவரும் கேட்காத கேள்வி அது. அவர் பதில் கூறாமல் என்னைப் பார்த்தார். "மூன்று வருஷத்திற்கு முன், சொன்னவன் நானே" என்று நான் பதில் கூறினேன்.

கணக்கை விரித்துப் பார்த்தபோது காரியம் தெளிவாயிற்று. ஆழமில்லாத குட்டைகள் யாவும் நன்னீராகவே இருந்தன. ஆழத் துளையிட்டவை மாத்திரம் உப்பேறியிருந்தன. பின்னர் துளையின் அடிப்பாகத்தைக் களிமண் இட்டு அடைத்தோம். கொல்லையின் வெவ்வேறு இடங்களில் பழையபடி குட்டைகள் வெட்டி, ஒவ்வொன்றிலும் சிறிது நேரமே இறைத்து, ஊற விட்டு மீண்டும் இறைக்கும் வழக்கத்தை மேற்கொண்டார். இரண்டு நல்ல மழைக்காலங்களுக்குப் பிறகு குட்டை நீரில் கத்தரி தேறியது. ஆழத்துளையின் நீர் இன்னும் முற்றிலும் தெளியவில்லை. கெடுக்க மூன்று வருஷம் போதும். திருத்த எத்தனை வருஷம் என்று உறுதி கூற இயலாது.

பெரிய அளவில் இதற்கு உதாரணம் சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பிரதேசம். ஆரணியாறு, கொசஸ்தலையாறு ஆகியவற்றின் படுகையிலுள்ள அப்பிரதேசத்தில் நகரத்தின் குடிநீருக்காகவும், தொழிற்சாலைகளுக்காகவும், பாசனத்திற்காகவும் நிலத்தடி நீர் மிகுதியாய் இறைக்கப்பட்டது. கடல்நீர் உள்ளே புகுவது 1960-களின் இறுதியிலேயே கண்டறியப்பட்டது. அதன் பின்னும் இறைப்பு தொடர்ந்தமையால், உப்பு கரையிலிருந்து 10 கிலோமீட்டருக்கு மேலும் உள்நாட்டில் பரவிவிட்டது.

மணல்மேடு, அலையாத்திக் காடு, வடிகால்

கிணற்றோடு காரியம் முடியவில்லை. கரையோர வளங்கள் ஒரு சங்கிலியின் கண்ணிகள் போன்றவை. ஒன்று அறுந்தால் மற்றவையும் தளரும்.

முதலாவது, மணல்மேடு. கடற்கரையில் இயற்கையாய்க் குவிந்து நிற்கும் மேடுகளைச் சிலர் வீண் நிலமென்று எண்ணி மணலை வெட்டி விற்றுவிடுகிறார்கள். உண்மையில் மணல்மேடே கிராமத்தின் நீர்த்தொட்டி. மழைநீரை விரைவில் உறிஞ்சித் தன்னுள் உயரமாகத் தேக்கி வைப்பதும், புயற்காலத்து அலையைத் தடுப்பதும் அதுவே. மேடு தாழ்ந்தால் அதனுள் நிற்கும் நன்னீரின் மட்டமும் தாழும். மேலே கூறிய 1-க்கு 40 என்ற கணக்கு அங்கே வேலை செய்யத் தொடங்கும். அடும்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும் மணலைக் கட்டிப் பிடிக்கின்றன. அவற்றின் பின்னே தாழையும் பனையும் புன்னையும் நிற்பது நலம். அடும்பையும் புல்லையும் அழித்துவிட்டு அலைவாய் வரையில் சவுக்கு நடுவது நல்ல வழக்கமன்று. மேட்டின் பின்புறத்தில் காற்றுத் தடுப்பாகச் சவுக்கு நடுவதே போதுமானது.

இரண்டாவது, கழிமுகங்களிலுள்ள அலையாத்திக் காடு. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே பிச்சாவரத்தில் சுமார் 1,100 ஹெக்டேர் பரப்பில் இக்காடு உள்ளது. முற்காலத்தில் இக்காட்டைக் கூறு கூறாகப் பிரித்து முறைவைத்து வெட்டி வந்தார்கள். மரம் போன இடத்தில் மண் காய்ந்து தாழ்ந்து பள்ளமாயிற்று. ஓதத்தில் ஏறிய நீர் வடிய வழியின்றிப் பள்ளத்தில் தேங்கி, வெயிலில் வற்றி, மண்ணில் உப்பு மிகுந்தது. உப்புநீரில் வளரும் அலையாத்தி மரங்கூட அங்கே முளைக்கவில்லை. 1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராம மக்களோடு சேர்ந்து, நடுவே ஒரு வாய்க்காலும் இருபுறமும் கிளை வாய்க்கால்களுமாக மீன்முள் வடிவில் வெட்டி, ஓதநீர் வந்து போகும்படி செய்து கன்று நட்டனர். காடு திரும்பத் தழைத்தது. நீர் தேங்கினால் உப்பு, ஓடினால் பயிர் என்ற இப்பாடம் நமது வயல்களுக்கும் பொருந்தும்.

2004 டிசம்பர் 26-ல் சுனாமி அலை தாக்கியபோது நாகப்பட்டினம் ஜில்லாவில் மாத்திரம் ஆறாயிரத்திற்கு மேற்பட்டோர் மாண்டனர். கடலூர் ஜில்லாவில் அலையாத்திக் காட்டின் பின்புறமிருந்த கிராமங்கள், மறைவின்றி நின்ற கிராமங்களைவிடக் குறைவான சேதமே அடைந்தன என்று 2005-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி எடுத்துக்காட்டியது. கரையிலிருந்து உள்ள தூரமும் நிலத்தின் உயரமும் இதில் பெரும்பங்கு வகித்தன என்று வேறு சில ஆராய்ச்சியாளர் கூறினர். காடு ஒன்றே காப்பு என்று சொல்வதற்கில்லை. காட்டை அழிப்பது நமக்குள்ள காப்பில் ஒன்றைப் போக்கடிப்பதாகும் என்பதில் ஐயமில்லை. பிச்சாவரம் 2022-ல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

மூன்றாவது, வடிகால். கடைமடைக் கிராமங்களில் பாசன வாய்க்காலைப் பற்றிப் பேசுவோர் பலர். வடிகாலைப் பற்றிப் பேசுவோர் சிலரே. மழைக்காலத்தில் வெள்ளத்தைக் கடலுக்குக் கொண்டுபோகும் வடிகாலே, கோடையில் ஓதநீரை உள்ளே கொண்டுவரும் வழியாகவும் ஆகிறது. கடைமடைக் கதவணையின் பலகை பழுதானால், பல மைல் தூரம் உப்புநீர் ஏறும். வடிகால் ஓரத்தில் இறால் குளங்கள் இருப்பின், அவற்றின் கழிவு நீர் எங்கே விடப்படுகிறது என்பதையும் கவனிக்கவேண்டும். இறால் பண்ணைகளைப் பற்றிச் சுப்ரீம் கோர்ட்டு 1996 டிசம்பரில் முக்கியமான தீர்ப்பு வழங்கியது. அதன் பின் 2005-ல் கடலோர நீர்வாழ் உயிர் வளர்ப்புக்கென்று தனிச்சட்டமும் ஏற்பட்டது. சாகுபடி நிலத்தையும் அலையாத்திக் காட்டையும் இறால் குளமாக மாற்றலாகாது என்பது அதன்கீழ் ஏற்பட்ட வழிமுறைகளில் ஒன்று. குத்தகைப் பணத்தை மாத்திரம் பார்த்து வயலைக் குளத்திற்கு விடும் மிராசுதார், அண்டை வயலின் மண்ணையும் சேர்த்துக் குத்தகைக்கு விடுகிறார் என்பதை உணரவேண்டும்.

மாணாக்கரைக் கொண்டு செய்யத்தக்க வேலைகள்

பயிற்சிக்கு வரும் மாணாக்கருக்குப் பொதுவான விஷயங்களைச் சொல்லி அனுப்புவதைவிடக் கீழ்க்கண்ட வேலைகளைக் குறிப்பிட்டுக் கொடுப்பது உசிதம்.

1. கிணற்றுக் கணக்கு. கிராமத்திலுள்ள கிணறு, குட்டை, ஆழ்துளை ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, தரையிலிருந்து நீர்மட்டம் எத்தனை அடி, மொத்த ஆழம் எத்தனை அடி, ஆழப்படுத்திய வருஷம், நீரின் உப்பு அளவு ஆகியவற்றை எழுதவேண்டும். உப்பை அளக்க மின்கடத்தும் திறனைக் காட்டும் சிறு கருவி போதும். அதை நீரில் தோய்த்தால் எண் தெரியும். அந்த எண் மீட்டருக்கு 0.7 டெசிசீமன்ஸுக்குக் குறைவாயின் எப்பயிருக்கும் அச்சமில்லை, 0.7 முதல் 3 வரை பயிரையும் மண்ணையும் பார்த்து எச்சரிக்கையாய் உபயோகிக்கவேண்டும். 3-க்கு மேற்பட்டால் பெரும்பாலான பயிர்களுக்கு உதவாது. நீரை எடுக்குமுன் சற்று நேரம் இறைத்துவிட்டு எடுக்கவேண்டும். தேங்கிய மேல்நீரை அளந்தால் கணக்குப் பிசகும்.

2. குறுக்கு நடை. அலைவாயிலிருந்து கிராமத்தின் கடைசி வயல் வரையில் ஒரே நேர்க்கோட்டில் நடந்து, எங்கே மணல்மேடு, எங்கே கழி, எங்கே உமரிச் செடி தொடங்குகிறது, எங்கே நெல் தொடங்குகிறது என்று படம் வரையவேண்டும். உமரி தானாக முளைத்திருக்கும் இடம் உப்பேறிய இடம். சென்ற ஆண்டைவிட உமரி வயற்பக்கமாக நகர்ந்திருக்கிறதா என்பதைப் பார்த்தாலே நிலைமை விளங்கும்.

3. வடிகாலும் கதவணையும். எங்கே தூர்ந்திருக்கிறது, எங்கே ஆக்கிரமிப்பு, எந்தப் பலகை பழுது என்பதைக் குறித்து நீர்வள இலாகாவுக்கு அனுப்பத்தக்க ஜாபிதா தயாரிக்கவேண்டும்.

4. வயதானவர்களின் நினைவு. எந்தப் புயலில் கடல்நீர் எதுவரை ஏறியது, முன்பு எந்தக் கிணறு குடிநீர்க் கிணறாக இருந்தது, எந்த நெல் உப்பு வயலில் விளைந்தது என்பவற்றைக் கேட்டு எழுதவேண்டும். குழியடிச்சான், களர்பாலை முதலிய பழைய நெல் வகைகளைப் பற்றிய விவரங்கள் வயதானவர்களிடமே கிடைக்கும்.

ஒரு முறை அளந்த கணக்கு ஒரு புகைப்படம் போன்றது. அதைக் கொண்டு மாறுதலை அறிய முடியாது. ஐப்பசி மழைக்கு முன் ஒரு தடவையும், தை மாதத்தில் ஒரு தடவையும் ஆக ஆண்டுக்கு இருமுறை அளந்தால்தான், மழையால் எவ்வளவு நன்னீர் சேர்ந்தது, இறைப்பால் எவ்வளவு குறைந்தது என்பது தெரியும். மாணாக்கர் ஒரு தடவைதான் வருவார்கள். மற்றத் தடவை அளக்கவேண்டியவர்கள் நாமே. ஆகையால் அவர்கள் கிராமத்தை விட்டுப் போகுமுன், கருவியை உபயோகிக்கும் விதத்தை உள்ளூர் இளைஞர் இருவருக்காவது கற்றுக்கொடுக்கும்படி கேட்டுக்கொள்ள வேண்டும்.

உப்பேறிய வயலுக்கு ஓர் எச்சரிக்கை

கடல்நீர் புகுந்த வயலைக் கண்டவுடன் ஜிப்சம் வாங்கி இடுவது வழக்கமாகிவிட்டது. எல்லா உப்பு நிலத்திற்கும் அது மருந்தன்று. கரையும் உப்பு மாத்திரம் மிகுந்த உவர் நிலத்திற்குச் சிறந்த மருந்து மழைநீரும் வடிகாலுமே. வரப்பை உயர்த்தி, மழைநீரைத் தேக்கி, உழுது, வடித்துவிடவேண்டும். சோடியம் மண்ணோடு ஒட்டி மண் இறுகிப்போன களர் நிலத்திற்குத்தான் ஜிப்சம் தேவை; அதற்கும் வடிகால் இன்றியமையாதது. எந்த வகை என்பதை மண் பரிசோதனையே சொல்லும். சுனாமிக்குப் பின் நமது ஜில்லாக்களில், மேலே படிந்த கடல் சேற்றையும் மணலையும் அகற்றி, மழைநீரால் உப்பைக் கழுவி, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது நிலங்கள் திருத்தப்பட்டன. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரணியத்தருகே கரை கடந்தபோதும், கடல்நீரும் சேறும் ஏறிய வயல்களுக்கு இதே பாடம் உதவியது.

மிராசுதார்களும் கிராம அதிகாரிகளும் செய்யவேண்டியவை

மிராசுதார்கள் மாணாக்கரிடம் உண்மையைக் கூறவேண்டும். எத்தனை மணி நேரம் இறைக்கிறோம், எப்போது ஆழப்படுத்தினோம் என்பவற்றைக் குறைத்துச் சொன்னால், பொய்க் கணக்கின்மேல் யோசனை பிறக்கும். அதன் நஷ்டம் நமக்கே. தமது கிணற்றை அளக்க விடாமல் தடுப்பவர், அண்டை வீட்டார் கிணற்றின் வியாதியையும் மறைத்தவராவார். ஏனெனில் நிலத்தடி நீருக்கு வரப்பில்லை.

கிராம நிர்வாக அதிகாரியும் பஞ்சாயத்துத் தலைவரும் சேர்ந்து, கிணற்றுக் கணக்கின் பிரதி ஒன்றைப் பஞ்சாயத்து ஆபீசில் நிரந்தரமாக வைக்க ஏற்பாடு செய்யவேண்டும். நமது ராஜ்யத்தில் மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்றும் கிராம சபை கூடவேண்டுமென்று 2022-ல் ஏற்பாடாகியிருக்கிறது. தை மாதத்தில் அளந்த கணக்கைப் படிக்க அதைவிடப் பொருத்தமான நாள் வேறில்லை.

கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தைப் பற்றியும் கிராம அதிகாரிகள் அறிந்திருத்தல் வேண்டும். 1991 பிப்ரவரியில் முதல் அறிவிக்கை வந்தது; பின்னர் 2011-லும் 2019-லும் புதிய அறிவிக்கைகள் வெளியாயின. மணல்மேடு, அலையாத்திக் காடு, ஆமை முட்டையிடும் இடம் ஆகியவற்றுக்கு இவற்றில் மிக உயர்ந்த பாதுகாப்பு அளிக்கப்பட்டிருக்கிறது. இந்த மண்டலம் வந்தால் சாகுபடி நின்றுவிடும் என்ற பயம் ஆதாரமற்றது. கட்டடத்திற்குத் தடையுள்ள இடத்திலும் விவசாயத்திற்கும் தோட்டத்திற்கும் இடமளிக்கப்பட்டுள்ளது. நிலத்தடி நீர் விஷயத்தில், உயர் ஓதக் கோட்டிலிருந்து 200 முதல் 500 மீட்டர் வரையுள்ள நிலத்தில் சாதாரணக் கிணற்றிலிருந்து கையால் இறைப்பதை மாத்திரமே 1991 அறிவிக்கை அனுமதித்தது என்பது நினைவில் வைக்கத்தக்கது. நமது முன்னோர் குட்டையில் குடத்தால் மொண்டு ஊற்றிய வழக்கமும் அதுவே. தத்தம் கிராமத்தின் எல்லை எங்கே போகிறது என்பதைக் கலெக்டர் ஆபீசிலுள்ள மண்டலப் படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். மணல் கடத்தலோ, காடழிப்போ கண்டால், ஜில்லாக் கடலோர மண்டல மேலாண்மைக் குழுவுக்கு எழுத்து மூலமாய்த் தெரிவிக்கவேண்டும். மாணாக்கரைக் கொண்டு அத்தகைய புகார் எழுதச் சொல்வது தகாது. அவர்கள் விருந்தினர், பகையை அவர்கள் தலையில் சுமத்தலாகாது.

மாணாக்கரின் க்ஷேமமும் நமது பொறுப்பே. கழிமுகச் சேற்றிலும், ஓதம் ஏறும் வேளையிலும் உள்ளூர்க்காரர் துணையின்றி அவர்களை அனுப்பக்கூடாது. மிதவை உடுப்பு இல்லாமல் படகில் ஏற்றலாகாது. பெண் மாணாக்கருக்குத் தகுந்த தங்குமிடத்தை முன்னதாகவே ஏற்பாடு செய்யவேண்டும். மீனவக் குப்பத்தாரையும் அவர்கள் சந்திக்கும்படி செய்வது நலம். கழியின் குணத்தை அவர்களைவிட நன்கறிந்தவர் இலர். விவசாயிகளாகிய நாமும் அவர்களும் ஒரே கரையின் நீரையே நம்பி வாழ்கிறோம்.

முடிவுரை

பயிற்சிக்கு வரும் மாணாக்கர் நமக்கு மழையைக் கொண்டுவர மாட்டார்கள். கடலைத் தள்ளிவைக்கவும் மாட்டார்கள். அவர்கள் கொண்டுவருவது ஒரு சிறு கருவியும், கேள்வி கேட்கும் வழக்கமும்தான். எனது மிளகாய்த் தோட்டத்து மிராசுதாருக்கு அந்த ஒரு கேள்வி மூன்று வருஷத்திற்கு முன்பே கிடைத்திருந்தால், அவருடைய நஷ்டமும் எனது வருத்தமும் இல்லாதிருந்திருக்கும். இவ்வாண்டு மாணாக்கர் நமது கிராமத்திற்கு வரும்போது, அவர்களை முதலில் கிணற்றடிக்கு அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் போன பின்பு அந்தக் கணக்குப் புத்தகத்தை மூடிவிடாமல், அடுத்த பக்கத்தை நீங்கள் எழுதுங்கள். கருவியின் உபயோகத்தையோ, மண் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கும் விதத்தையோ அறிய விரும்புவோர் தத்தம் வட்டாரத்து விவசாய டெப்போவில் விசாரித்தால் தக்க உதவி கிடைக்கும்.